எலுமிச்சம்பழம் தூக்கி எறிந்த லாரி

திங்கட்கிழமை சோதனை மேசைக்கு வரப்போகிற மூன்று பேருக்கும் வணக்கம்.

எனக்கு இருபத்தேழு வயது. அந்த மேசையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். சிரிக்காதீர்கள். ஒரே வீடியோ கேமை ஐந்து வருடம், ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஆரம்பத்திலிருந்து ஆடியவளுக்கு ஓய்வு என்ற சொல்லைப் பயன்படுத்த உரிமை உண்டு. எதிர்ச் சுவர் ஓரமாக இருக்கிற வடிவமைப்பு மேசைக்குப் போகிறேன். மொத்தம் பதினோரு அடி தூரம். பிரிவு உபசார விழாவெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லட்டு மட்டும் வரும்.

உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள்: "விளையாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விளக்கப் போனால் பொழுது போய்விடும். நம் வேலை விளையாடுவது அல்ல, விளையாட்டை உடைப்பது. உடைகிற இடத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது. கண்ணாடிக் கடையில் குரங்கை வேலைக்கு வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் நாம். ஆனால் நாம் கையெழுத்துப் போடத் தெரிந்த குரங்கு.

நீங்கள் சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் இந்த மாடி அலுவலகத்துக்கு ஏறி வருவதற்கு முன் நம் லாரி விளையாட்டின் சில உள் ரகசியங்களைச் சொல்லிவிடுகிறேன். வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் பயமில்லை.

அதில் வரும் டவுன் பஸ் உண்மையில் ஓர் ஆடு. நம் புரோகிராமர் அண்ணன் முதலில் ஆட்டுக்குத்தான் சாலையோரம் நடக்கவும், ஹாரன் அடித்தால் எழுந்து ஒதுங்கவும் கற்றுக்கொடுத்தார். அப்புறம் பஸ் தேவைப்பட்டது. நேரம் இல்லை. ஆட்டைப் பெரிதாக்கி, அதன் மேல் பஸ்ஸைப் போர்த்திவிட்டார். அதனால்தான் நம் பஸ் ஹாரன் கேட்டதும் அவ்வளவு பணிவாக வேப்பமரத்தடிக்குப் போகிறது. சேலத்தில் எந்த டவுன் பஸ்ஸும் அப்படி ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

மழைச் சத்தம் கீழே இருக்கும் டீக்கடையின் போண்டாச் சட்டி. ஏர் பிரேக் சத்தம் நம் முதலாளி சார் வீட்டுக் குக்கர். காது கொடுத்துக் கேட்டால் பின்னணியில் அவர் மனைவி "அடுப்பை அணைங்க" என்று சொல்வது லேசாக விழும். டீசல் முள் பொய் சொல்லும். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் மெதுவாக இறங்கும். ஆடுகிறவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பங்க் போய்ச் சேர்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காக. ஊரில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கட்டவே இல்லை. ஊர் மக்கள் எல்லோரும் ஒரே ஆள், நம் அண்ணன்தான். மீசை மட்டும் மாறும். டீக்கடையில் அண்ணனே அண்ணனுக்கு டீ ஆற்றிக் கொடுத்து, அண்ணனே குறை சொல்வார்.

பெயர் சொல்லாமல் அண்ணன் அண்ணன் என்கிறேன். அவர் திருச்செங்கோட்டுக்காரர். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பார். "அறுவது மொகம் குடுத்தாச்சு அம்மிணி, பேரு வேற எதுக்கு?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார், அவர் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆடிப் பார்ப்பார், பிடித்திருந்தால் அவர்கள் கம்பெனி விளையாட்டை வெளியிடும் என்றார் சார். சார் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக் குடும்பம். எதையும் மண்டிக் கணக்கில்தான் பேசுவார். "மூட்டையைப் பிரிச்சு ஒரு கை அள்ளிக் குடுத்துரணும். நாம வாயே தொறக்கக் கூடாது. சரக்கு பேசும்." சரக்கு பேசாவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவர் சீலிங் பேனுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தியிருந்தார். எங்களுக்குப் புரிந்தது.

முந்தைய நாள் மாலை என்னிடம் ஒரு தாள் வந்தது. எல்லாம் சோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை என்று அச்சடித்த தாள். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவருக்குக் கைநாட்டுத்தான். எனக்குப் பதினெட்டு வயது ஆனதிலிருந்து எந்தப் படிவத்திலும் அவருடைய கட்டைவிரல் நீலத்துக்குப் பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து இருக்கும். கடைசி எழுத்தின் காலை இழுத்து ஒரு சுழி போட்டு மேலே தூக்கிவிடுவேன். கல்லூரியில் ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பழகிய சுழி அது. எனவே அன்று சார் பேனாவை நீட்டியபோது நான் கலெக்டர் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். சுழி தாளுக்கு வெளியே போய் மேசையிலும் விழுந்தது. இன்னும் இருக்கிறது, பாருங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. பெங்களூர்க்காரர் வருவது பத்தரைக்கு. நான் ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த இட்லியை வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே, சும்மா ராசிக்காக ஒரு தடவை ஆட்டத்தைத் தொடங்கினேன்.

நம் விளையாட்டு எப்படித் தொடங்கும் என்று தெரியும்தானே? புது லாரி. மாலை, சந்தனம், குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் வண்டியை எடுக்க வேண்டும். 'பச்சக்' என்று பழம் நசுங்கும், கூட்டம் கைதட்டும், அதாவது நாற்பது அண்ணன்கள் கைதட்டுவார்கள். அந்தக் காட்சி என் யோசனை. பட்டறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நான் அந்தப் 'பச்சக்'கை எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

வலது கையில் சட்னி. இடது கை மேசையில் தடவி ஏதோ ஒரு பட்டனை அழுத்தியது. அது ரிவர்ஸ்.

லாரி மேலே போனது.

ஏறவில்லை, குதிக்கவில்லை. தீபாவளி ராக்கெட் மாதிரி, மாலையும் சந்தனமுமாக, விர்ரென்று வானத்துக்குப் போனது. எடுத்த இட்லியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டேன்.

"அண்ணா... லாரி பறக்குதுங்க."

"பறக்கட்டும் அம்மிணி, சாப்டுட்டு வாரேன்" என்றார் அண்ணன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். அதற்குள் லாரி புள்ளியாகிவிட்டது.

காரணத்தை அவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தார். பழம் உருண்டு ஓடிவிடக் கூடாது என்று முன்பே அதை ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிறுத்தி, கல் மாதிரி கெட்டியாக்கியிருந்தார். வண்டி முன்னால் நகர்ந்தால் மட்டும் பழம் இளகி நசுங்கும். பின்னால் எடுத்தால் இளகாது. கெட்டிப் பழத்தின் பாதி டயருக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு பொருள் இருந்தால் கம்ப்யூட்டருக்குப் பிடிக்காது, ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். பழத்துக்கு ஆணி அடித்திருக்கிறது. அதனால் பதினாறு டன் லாரியைத் தூக்கி எறிந்தது.

"மூணு மாசமா இதை ஒருத்தரும் பாக்கலியா?" என்றேன். கேட்டுவிட்டுத்தான் உறைத்தது. பார்க்க வேண்டியவள் நான்தான்.

"பளத்தைச் சரி பண்ண முடியுமாங்கண்ணா?"

"முடியும். ஆனா அது இன்ஜினைப் பிரிக்கிற மாதிரி. போன தடவை ஹாரனைச் சரி பண்ணப் போயி ஆட்டுக்கெல்லாம் தலை காணாமப் போச்சு, ஞாபகமிருக்கா? ஒன்றரை மணி நேரத்துல நான் கை வைக்க மாட்டேன்."

இங்கே கவனியுங்கள். இரண்டு வழி இருந்தது. சாரிடம் போய், தாளைத் திருப்பி வாங்கி, இன்ன குறை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது ஒன்று. இரண்டாவது வழியை என் வாய் முந்திக்கொண்டு சொன்னது.

"லாரிக்குப் பின்னாடி ஒரு மாட்டைப் படுக்க வச்சுரலாங்களா? மாட்டு மேல யாருங்க வண்டி ஏத்துவாங்க?"

அண்ணன் யோசித்தார். மாட்டை எடுத்து வேறு இடத்தில் வைப்பது நாற்காலியை நகர்த்தி வைக்கிற மாதிரி, ஒரு நிமிட வேலை. "அதுஞ் செரிதான். மாட்டு மேல எவன் ஏத்துவான்" என்றார். ஒரு வெள்ளைப் பசுவை எடுத்து லாரியின் பின் டயருக்கு நாலடி தள்ளிப் படுக்க வைத்தோம். அசை போட்டுக்கொண்டு அழகாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதி இட்லியையும் சாப்பிட்டேன்.

தாளைத் திருப்பி வாங்கவில்லை. பத்தரைக்கு அது விருந்தாளியின் கோப்பில் முதல் பக்கமாக இருந்தது.

பெங்களூர்க்காரர் நல்ல மனிதர். ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டார். நன்றாகத் தமிழ் பேசினார். டீயை வாங்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். சார், அண்ணன், நான் மூன்று பேரும் பின்னால் வரிசையாக நின்றோம். பூஜை வந்தது. மாலை வந்தது. "அருமை!" என்றார். சார் எங்களைப் பார்த்து மீசையைத் தடவினார். கற்பூரம் காட்டியாயிற்று.

அவர் முன்னால் போகவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"அடடே, மாடு படுத்திருக்கே" என்றார். மிக மரியாதையாக ஹாரன் அடித்தார்.

மாடு எழுந்தது.

நம் விளையாட்டில் இன்னும் எவையெல்லாம் ஆடு என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாடும் ஆடுதான். நாயும் ஆடுதான். பால்காரர் மொபெட்டும் ஆடுதான். ஹாரன் கேட்டால் எல்லாம் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போகும். எனக்கும் தெரியும், அதை எழுதிய அண்ணனுக்கும் தெரியும். மாட்டைப் படுக்க வைத்தபோது இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை.

பசு வாலை ஆட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போனது. நான் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தேன். அவர் ஏற்கெனவே என் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தார்.

விருந்தாளி ரிவர்ஸ் போட்டார்.

காலையில் நான் பார்த்தது ஒத்திகை. இப்போது விருந்தாளிக்காக வைத்திருந்த பெரிய திரையில் போனது. லாரி தலைகீழாகப் புரண்டு மேலே ஏற ஏற, நாங்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. வீடுகளின் இல்லாத முதுகு தெரிந்தது. மேகம் அட்டை மாதிரி ஒட்டியிருப்பது தெரிந்தது. ஏரி ஒரு நீலத் துணி. அந்தத் துணிக்கு அடியில், தேவைப்படும்போது கூப்பிடலாம் என்று நிறுத்திவைத்திருந்த மீதி அண்ணன்கள் இருபது பேர், ஆளுக்கொரு மீசையோடு அசையாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விருந்தாளி திரையையும் பார்த்தார், திரும்பி அண்ணனையும் பார்த்தார். "இவங்கல்லாம் யாரு?"

"நாந்தானுங்க" என்றார் அண்ணன், மெல்லிய குரலில்.

சாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அது... ஒரு ஸ்பெஷல் சார். பூஜை போட்டா வண்டிக்கு அருள் வந்து பறக்கும். ஆடுறவங்களுக்குத் திடீர்னு ஒரு ஆச்சரியம்!" சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். ஆமாம் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

விருந்தாளியின் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. நம்பியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் ஆமாம் என்றால் போதும். ஆனால் அவர் முழங்கைக்கு அருகில் கோப்பு திறந்திருந்தது. முதல் பக்கத்தில் என் சுழி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பாவின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பொய் சொல்லாத சுழி.

"இல்லைங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அருளெல்லாம் இல்லைங்க. தப்பு. காலையில ஒம்பது மணிக்கே பாத்துட்டேன். மறைக்கிறதுக்கு மாட்டைப் படுக்க வச்சதும் நாந்தான். இந்தத் தாள்ல இருக்கிறது என் கையெழுத்து. இது சரியில்லைங்க."

பேன் 'கிறீச் கிறீச்' என்றது. சார் என்னைப் பார்க்கவே இல்லை.

விருந்தாளி என்னைப் பார்த்தார். "இத்தனை நாளா ஆடியிருக்கீங்க. ஒரு தடவைகூட ரிவர்ஸ் எடுத்துப் பாக்கலியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் மூன்று பேர் வாயிலிருந்தும் ஒன்றாகவே வந்தது. என் மேல் கடுங்கோபத்தில் இருந்த சாரும் சேர்ந்துதான் சொன்னார்.

"புது வண்டியை யாருங்க மொதல்ல பின்னாடி எடுப்பாங்க?"

அவர் திகைத்துப் போனார். "நான் தினமும் எடுக்கிறேனே! எங்க அபார்ட்மென்ட்ல காரை மூக்கு சுவத்துல இடிக்கிற மாதிரிதான் நிறுத்த முடியும். தினமும் காலையில நான் செய்ற முதல் வேலையே ரிவர்ஸ் எடுக்கிறதுதான்."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். ஏரிக்கு அடியிலிருந்த அண்ணன்களைப் பார்த்து மறுபடி சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பறக்கவிட்டார். நாலாவது தடவை சாரும் சிரித்தார்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். சிரித்து முடித்ததும் அவர் பேனாவை எடுத்து என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார். கோபமாக இல்லை, அளவெடுத்த மாதிரி நேராக. ஆட்டத்தை அன்று ஏற்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. "நீங்க பாத்ததெல்லாம் எழுதி அனுப்பாதீங்க. உங்க ஊர்ல யாரும் செய்யவே மாட்டாங்கன்னு நீங்க பாக்காம விட்டதையெல்லாம் எழுதுங்க. அதைச் சோதிச்சுட்டு அடுத்த மாசம் அனுப்புங்க. அப்ப கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அவர் இறங்கிப் போனதும் சார் என் மேசைக்கு வந்தார். வேலை போயிற்று என்று டிபன் டப்பாவை மூடினேன்.

"மூட்டையில புழு இருந்தா எங்கப்பா என்ன சொல்லுவார் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "எனக்கும் ஞாபகம் வரலை. ஒரு நோட்டு எடு" என்றார்.

அந்த நோட்டுத்தான் மேசையின் வலது இழுப்பறையில் இருக்கிறது. முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. செய்யவே மாட்டோம் என்று நினைப்பது நினைவுக்கு எப்படி வரும்? பட்டறைக்குப் போன் போட்டேன்.

"அப்பா, லாரியில நீங்க செய்யவே மாட்டீங்கங்கிற காரியமாச் சொல்லுங்க."

"எதுக்கு சாமி?"

"அதையெல்லாம் நான் செய்யணும்."

அப்பாவுக்குப் பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது. "இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. மேட்டில் இன்ஜினை அணைக்க மாட்டோம். ரோட்டோரக் கோயிலைத் தாண்டும்போது ஹாரன் அடிக்காமல் போக மாட்டோம். லோடு இல்லாமல் தார்ப்பாய் கட்ட மாட்டோம். பக்கத்திலிருந்த மற்ற வெல்டர்களும் கத்திக் கத்திச் சேர்த்தார்கள். எழுதி எழுதிக் கை வலித்தது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மேட்டில் இன்ஜினை அணைத்தால் டிரைவர் மட்டும் உருண்டு கீழே போனார், லாரி நின்றது. லோடு இல்லாமல் தார்ப்பாய் கட்டினால் ஒரு அண்ணன் காணாமல் போனார். பன்னிரண்டு பெரிய குறைகள், எல்லாம் அந்த நோட்டிலிருந்து.

அடுத்த மாதம் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். சுழி தாளுக்குள்ளேயே நின்றது. இந்த முறை அதன் மேல் கோடு விழவில்லை.

வெளியீட்டு நாளில் அப்பா மாடிக்கு வந்தார். ஆட்டம் முடிந்ததும் கீழிருந்து மேலே ஓடும் பெயர் வரிசையைக் காட்டினோம். மற்றவர்கள் பெயரெல்லாம் அச்செழுத்து. என்னுடையதை மட்டும் கையெழுத்தாகவே போடச் சொல்லிக் கேட்டிருந்தேன். ஏன் என்று சார் கேட்கவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, சினிமா முடிந்தபின் எழுத்து ஓடுவதைப் பார்ப்பது மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார்.

"நில்லு நில்லு நில்லு! ஏனுங்க, நிறுத்துங்க! இது எங்கூட்டுக் கையெழுத்து!"

நிறுத்த முடியாது. ஓடிப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். நான்கு தடவை பார்த்தார். பிறகு அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தோம். வெல்டிங் பட்ட விரலால் பட்டனைத் தொட்டு, மூன்று தடவை ஹாரன் அடித்து, பழத்தின் மேல் ஏற்றினார். பச்சக். நாற்பது அண்ணன்கள் கைதட்டினார்கள். நாற்பத்தோராவது அண்ணன், நிஜமானவர், பக்கத்தில் குனிந்து, "இன்னொரு தடவை ஆரம்பிச்சு, மொதல்ல பின்னாடி எடுத்துப் பாருங்களேன்" என்றார்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "புது வண்டிங்க தம்பி! வாயைக் கழுவிட்டு வாங்க."

எனவே, என் அன்பான மூன்று பேரே, நீங்கள் யார், எந்த ஊர், உங்கள் வீட்டில் எதைச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. நோட்டில் நூற்றுப்பத்துப் பக்கம் காலியாக இருக்கிறது. முதல் நாளே எழுத ஆரம்பியுங்கள்.

திங்கட்கிழமை வந்ததும் முதலில் பேனைப் போடுங்கள், இப்போது சத்தம் வராது. ஆட்டத்தைத் தொடங்குங்கள். பூஜை முடியட்டும். பழம் டயருக்கு அடியில் இருக்கும். ரிவர்ஸை அழுத்துங்கள். லாரி சமர்த்தாகப் பின்னால் நகரும். பறக்காது. நானே சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதை நம்பாதீர்கள். அழுத்திப் பாருங்கள்.